காற்று எழும்முன் கிளம்ப வேண்டும்: முஸ்தாங்கில் மலைச் சைக்கிள் பயணம் – முழுமையான வழிகாட்டி

நேபாளத்தின் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காலை பத்தரை, பதினொரு மணிக்கு மேல் ஒரு காற்று எழும். தெற்கிலிருந்து வீசுவதால் முறைப்படி அதைத் தென்றல் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பெயருக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. முதல் பயணத்தில் இது தெரியாமல், ஜோம்சோமில் சாவகாசமாக மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தெற்கே மார்ஃபாவுக்குக் கிளம்பினோம். ஏழு கிலோமீட்டர்கூட வராது. ஏற்றம் இல்லாத சாலை. மிதித்தால் சைக்கிள் நின்ற இடத்தில் நின்றது. மிதிக்காவிட்டால் பின்னுக்குப் போகப் பார்த்தது. கண்ணிலும் பல்லிலும் மணல். கடைசியில் இறங்கித் தள்ளினோம். வழியோர வீட்டு வாசலில் நின்ற ஓர் அம்மா எங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "ஹாவா!" என்று வானத்தைக் காட்டினார். பிறகு உள்ளே இழுத்து உட்காரவைத்து டீ கொடுத்தார். காசு வாங்கவில்லை. "நாளைக்குக் காலையில் போங்கள்" என்று சைகையால் சொன்னார்.

அந்த அம்மாவின் அறிவுரைதான் இந்த வழிகாட்டியின் எலும்புக்கூடு. மற்றதெல்லாம் அதன்மேல் வைத்த சதை.

எங்கே, ஏன்

முஸ்தாங் மாவட்டம் நேபாளத்தின் வடக்கே, அன்னபூர்ணா, தவளகிரி மலைத்தொடர்களுக்கு அப்பால், திபெத் எல்லையை ஒட்டி இருக்கிறது. பருவமழை மலைக்குத் தெற்கிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால் இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதி. காவி, சாம்பல், துருச்சிவப்பு நிறங்களில் மொட்டை மலைகள். அவற்றுக்கு நடுவே வாற்கோதுமையும் ஆப்பிளும் விளையும் பச்சைத் திட்டுகளாக ஊர்கள். மலைச் சைக்கிளுக்கு இந்த நிலம் ஏன் பொருந்துகிறது என்றால், திபெத்துக்கும் நேபாளத்துக்கும் இடையே உப்பும் தானியமும் சுமந்த கோவேறு கழுதைகள் நூற்றாண்டுக் கணக்காக மிதித்து மிதித்துப் போட்ட ஒற்றையடிப் பாதைகள் இங்கே உண்டு. கழுதை ஏறக்கூடிய சரிவில் சைக்கிள் இறங்கும்.

இந்தப் பகுதியை மலைச் சைக்கிள்காரர்கள் வெகுநாளாக அறிவார்கள். 2007-இல் தொடங்கிய 'யாக் அட்டாக்' பந்தயத்தில் வீரர்கள் 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் கணவாயைச் சைக்கிளோடு கடந்து இந்தப் பள்ளத்தாக்கில்தான் இறங்கினார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கீழ் முஸ்தாங் போதும். பொக்காராவிலிருந்து ஜோம்சோம், காக்பேனி, முக்திநாத் என்று மேலே போய், லூப்ரா, மார்ஃபா, காலோபானி, தாத்தோபானி, பேனி என்று ஆற்றோடு கீழே வருவது. பொக்காரா நாட்களையும் சேர்த்துப் பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் அதை மார்ஃபாவுக்குக் கொடுங்கள்.

தமிழ் வாசகருக்கு இந்த வழி முழுக்க அந்நியமும் அல்ல. முக்திநாத் என்பது 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம்.

முதலில் காகிதங்கள்

இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போகிறவர்கள் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ எடுத்துச்செல்ல வேண்டும். ஆதார் அட்டையை நம்பிப் போனால் விமான நிலையத்திலேயே திரும்ப வேண்டியதுதான். இலங்கையர்களுக்கு ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசா கட்டணமின்றிக் கிடைக்கிறது. சிங்கப்பூர், மலேசியா போன்ற நாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் காட்மாண்டுவில் இறங்கியதும் 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

பயணப் பகுதியின் பெரும்பகுதி அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால் அதற்கு அனுமதிச் சீட்டு தேவை. சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்றவர்களுக்கு 3,000. பொக்காராவிலேயே எடுத்துவிடுங்கள்; இரண்டு புகைப்படங்கள் கையில் இருக்கட்டும். காக்பேனிக்கு வடக்கே மேல் முஸ்தாங் தொடங்குகிறது. அது தனி அனுமதி, டாலரில் பெரிய தொகை. "கொஞ்ச தூரம்தானே, போய்ப் பார்த்துவிட்டு வரலாம்" என்று சோதனைச்சாவடியைத் தாண்டாதீர்கள்.

காப்பீடு எடுக்கும்போது இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். மலைச் சைக்கிள் ஓட்டுவதற்குப் பொருந்துமா? 4,000 மீட்டருக்கு மேலும் செல்லுமா? பல திட்டங்கள் 3,000 மீட்டரோடு கைகழுவிவிடும். ஹெலிகாப்டரில் இறக்க நேர்ந்தால் அந்தச் செலவு பயணத்தின் மொத்தச் செலவைவிட அதிகமாகும்.

எப்போது

அக்டோபர், நவம்பர்தான் முதல் தேர்வு. வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். மார்ச் முதல் மே வரை இரண்டாவது. ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும், பிற்பகல் புழுதியும் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை முஸ்தாங்கில் மழை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அங்கே போய்ச்சேரும் பேனி சாலையில் மலைச்சரிவு, மேகத்தால் விமான ரத்து என்று பாதி விடுமுறை காத்திருப்பிலேயே கழியும். டிசம்பர், ஜனவரியில் முக்திநாத்தில் இரவுக் குளிர் தண்ணீர்க் குழாய்களை உறையவைத்துவிடும்.

உடலைத் தயார் செய்வது

மூன்று மாதம் போதும், ஏற்கெனவே சைக்கிள் ஓட்டுகிறவராக இருந்தால். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை வாரம் ஒருமுறை ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதைக் கவனித்துப் பழகுங்கள். முஸ்தாங்கில் களைத்துப்போவது பெரும்பாலும் கால் இல்லை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரலும் முன்கையும்தான்.

ஆனால் கொல்லிமலையை நிற்காமல் ஏறிவிட்டோம் என்ற தெம்பு 3,700 மீட்டரில் செல்லாது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். இதற்குப் பயிற்சி எதுவும் இல்லை. மெதுவாக ஏறுவது ஒன்றுதான் வழி. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டக் கூடாது என்பது பொது விதி. காக்பேனியிலிருந்து முக்திநாத் ஏறும் நாள் இந்த விதியை மீறும். அதனால்தான் அதற்கு முன்னால் ஜோம்சோமிலும் காக்பேனியிலும் கட்டாயம் ஓரிரவு வீதம் தங்கச் சொல்கிறேன். உயர்மலை நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தலைவலியோடு வாந்தி, நடை தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு என்று ஏதாவது வந்தால் அன்றைக்கே கீழே இறங்க வேண்டும். ஜீப் எப்போதும் கிடைக்கும், வீறாப்புக்கு இடமில்லை.

சைக்கிளை வாடகைக்கு எடுப்பது

சொந்தச் சைக்கிளைப் பெட்டி கட்டி விமானத்தில் கொண்டுபோகலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பொக்காராவின் ஏரிக்கரைப் பகுதியில் நல்ல கடைகள் இருக்கின்றன. ஹெல்மெட், கையுறை, முழங்கால் காப்பு, பழகிய காலணி, பிடித்த பெடல் ஆகியவற்றை மட்டும் ஊரிலிருந்து எடுத்துச்செல்லுங்கள். மற்றவர் வியர்வை ஊறிய ஹெல்மெட்டைப் பத்து நாள் தலையில் வைத்துக்கொள்வது தவம்.

இரு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள, 130 முதல் 150 மில்லிமீட்டர் அசைவு கொடுக்கும் சைக்கிளாகப் பாருங்கள். டயர் 2.3 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. டியூப் இல்லாத டயர் என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் இந்த வழியில் முள்ளும் உண்டு, கத்திபோல் உடைந்த பலகைக் கல்லும் உண்டு. ஓட்டிக்கொண்டே இருக்கையை இறக்கும் வசதி இருந்தால் கூடுதல் வாடகை கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: எந்தக் கைக்கு எந்த பிரேக். நம் ஊரில் வலக்கைப் பிடி முன்சக்கரத்துக்கு. அங்குள்ள சைக்கிள்களில் பல வெளிநாட்டிலிருந்து வந்தவை. அவற்றில் முன் பிரேக் இடக்கையில் இருக்கும். பரிசோதனை ஓட்டமாகச் சாராங்கோட் குன்றிலிருந்து இறங்கியபோது, பின் பிரேக் என்று நினைத்து இடக்கையை அழுத்தினேன். சைக்கிள் நின்றது. நான் மட்டும் கொஞ்சம் முன்னே போனேன். உள்ளங்கைத் தோல் போனதோடு முடிந்தது. கடைக்காரரிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் மாற்றிப் பூட்டித் தருவார், கூச்சப்படாமல் கேளுங்கள்.

பிரேக் பேட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உலோகக் கலவைப் பேட் இந்தப் புழுதிக்கு நீண்ட நாள் உழைக்கும். ஒரு சோடி கூடுதலாக வாங்கிப் பைக்குள் போடுங்கள். அதோடு பின்கியரைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு அலுமினியத் துண்டு ஒன்று. அந்த மாடலுக்கே உரியது வேண்டும். விழுந்தால் முதலில் வளைவது அதுதான், ஜோம்சோமில் எந்தக் கடையிலும் கிடைக்காதது அதுதான். செயின் இணைப்புக் கண்ணி, இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டுப்பொருள், பம்ப், கை அகலத்துக்கு ஒட்டுநாடா. இவ்வளவு போதும்.

ஒரு சின்ன இயற்பியல்: பொக்காராவில் ஏற்றிய காற்று மேலே போகப்போக இறுகும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் முக்திநாத் உயரத்தில் டயரின் அழுத்தம் சுமார் 4 பவுண்டு கூடியதுபோல் ஆகிவிடும். ஜோம்சோமில் இறங்கியதும் கொஞ்சம் பிடுங்கிவிடுங்கள். பிறகு கீழே வரும்போது ஏற்ற மறக்காதீர்கள்.

உள்ளூர் வழிகாட்டி வேண்டுமா

தார்ச் சாலைக்கு வேண்டாம். லூப்ரா இறக்கத்துக்குக் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. பாதை எங்கே மண்சரிந்து போயிருக்கிறது, ஆற்றைக் கடக்க இந்த வாரம் எந்த இடம் சரி என்பது வரைபடத்தில் இருக்காது. பொக்காராவிலேயே சைக்கிள் கடைகள் வழியாக இளைஞர்கள் கிடைப்பார்கள். பெரும்பாலானவர்கள் பந்தயம் ஓட்டியவர்கள். அவர்கள் இறங்கும் வேகத்தைப் பார்த்து நாமும் இறங்கிவிடக் கூடாது. அதைத் தவிர எந்த ஆபத்தும் அவர்களால் இல்லை.

முதல் மூன்று நாட்கள்: பொக்காராவிலிருந்து ஜோம்சோம்

பொக்காராவுக்குக் காட்மாண்டு வழியாக விமானத்தில் வரலாம். நேரம் இருக்கிறவர்கள் சென்னை வழியாகச் செல்லும் ரப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர் வரை போய், சுனௌலி எல்லையைக் கடந்து பஸ் பிடிக்கலாம். எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தைக் கால்மணி நேரம் முன்னே தள்ளுங்கள். ஒரு இந்திய ரூபாய்க்கு 1.6 நேபாள ரூபாய் என்ற நிலையான கணக்கு. நூறு ரூபாய் நோட்டாக இந்தியப் பணமும் செல்லும். மலைக்குத் தேவையான ரொக்கத்தைப் பொக்காராவிலேயே எடுத்துவிடுங்கள். ஜோம்சோமில் ஏடிஎம் உண்டு; அதில் பணம் இருக்குமா என்பது வேறு விஷயம்.

முதல் நாள் அனுமதிச் சீட்டும் சைக்கிளும். இரண்டாம் நாள் சுமார் 1,600 மீட்டர் உயரமுள்ள சாராங்கோட்டுக்கு ஏறி இறங்கிச் சைக்கிளைப் பழகுங்கள். விடியலில் மச்சபுச்சரே சிகரம் தெரியும். பெயரின் பொருள் மீன்வால்.

மூன்றாம் நாள் ஜோம்சோம். சிறு விமானம் 25 நிமிடத்தில் கொண்டுபோய்விடும். காற்றுக்குப் பயந்து அதுவும் காலையில் மட்டும்தான் பறக்கும். ஆனால் அந்தச் சிறு விமானத்தில் சைக்கிளுக்கு இடம் கிடைப்பது அரிது. எனவே ஜீப்பே நல்லது. பேனி வழியாக 150 கிலோமீட்டருக்குச் சற்று மேல், முழுப் பகல் ஆகும். சைக்கிள் கூரைமேல் போகும். சட்டம் கம்பியில் உராயாதபடி பழைய அட்டையையும் டியூபையும் சுற்றிக் கட்டுங்கள். கட்டுவதை ஓட்டுநரின் உதவியாளரிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். நம் சைக்கிள்மேல் அடுத்த ஊரில் இரண்டு மூட்டை அரிசி ஏறும்.

நான்காம் நாள்: ஜோம்சோம் – காக்பேனி

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வடக்கே போவதால் இந்த ஒரு நாள் காற்று நம் பக்கம். காலையில் ஜோம்சோமைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பதினோரு மணிக்குக் கிளம்பினால் முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் தள்ளும். ஏன் இந்தக் காற்று? வடக்கே முஸ்தாங்கின் மொட்டை நிலம் வெயிலில் சூடேறுகிறது. அங்கே காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து காற்று ஓடிவருகிறது. வரும் வழி ஒன்றே ஒன்று, தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவிலான இந்த இடுக்கு. புனலில் ஊற்றியதுபோல் பாய்கிறது.

ஆற்றுப்படுகையில் ஆட்கள் குனிந்து நடப்பதைப் பார்ப்பீர்கள். சாளக்கிராமம் தேடுகிறார்கள். கறுப்புக் கல்லுக்குள் சக்கரம்போல் சுருண்டிருக்கும் அது, இமயம் எழுவதற்கு முன் இங்கிருந்த கடலில் வாழ்ந்த உயிரியின் புதைபடிவம். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள். பை நிறைய அள்ளிக்கொண்டு வருவதை நான் ஒப்பமாட்டேன், பக்தியின் பெயரிலானாலும்.

'பேனி' என்றால் நேபாளியில் ஆறுகள் கூடும் இடம். நம் மொழியில் கூடுதுறை. பவானி கூடுதுறைபோலவே இங்கும் பிதுர்க்கடன் செய்ய மக்கள் வருகிறார்கள். பழைய ஊரின் சந்துகள் மண்சுவர்களுக்கு நடுவே குகைபோல் போகும். அங்கே சைக்கிளை விட்டு இறங்கி நடங்கள். ஊரின் வாயிலருகே மண்ணால் செய்த ஆண் பெண் காவல் உருவங்கள் நிற்கின்றன. எல்லையில் அய்யனாரை வைத்த ஊரிலிருந்து போகிறவருக்கு விளக்கம் தேவைப்படாது.

ஐந்தாம் நாள்: காக்பேனி – முக்திநாத்

சுமார் 12 கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏற்றம். தார்ச் சாலைதான், கஷ்டம் மூச்சில். ஆறரைக்குக் கிளம்புங்கள். பேச முடிகிற வேகத்தில் மட்டும் மிதியுங்கள். வாக்கியம் பாதியில் அறுந்தால் கியரைக் குறையுங்கள். ஜார்கோட் கிராமத்தில் நின்று, இடிந்த கோட்டையையும் சிவப்பு மடாலயத்தையும் பார்த்துவிட்டு ஒரு குவளை சீபக்தார்ன் பழச்சாறு குடியுங்கள். அந்தப் புளிப்பு நாரத்தங்காயை நினைவூட்டும்.

தங்குமிடங்கள் இருக்கும் ஊரின் பெயர் ராணிபௌவா, சுமார் 3,700 மீட்டர். கோயில் அதற்கும் மேலே, நடந்து போகும் தூரத்தில். பிற்பகல் வெயில் இருக்கும்போதே கோயிலை முடித்துவிடுங்கள். மறுநாள் காலை நமக்கு வேறு வேலை இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் மாட்டுத்தலை வடிவில் 108 நீர்த்தாரைகள். உருகிய பனியின் தண்ணீர். 108-க்கும் தலைகொடுத்து ஓடுவது வழக்கம். எனக்கு முப்பதுக்குப் பிறகு தலை இருக்கிறதா என்பதே தெரியவில்லை. வைணவர்கள் வழிபடும் இதே மூர்த்தியை பௌத்தர்களும் தங்கள் தெய்வமாக வணங்குகிறார்கள். பௌத்தப் பிக்குணிகள் கோயிலில் பணி செய்கிறார்கள். பக்கத்து ஜ்வாலாமாயி கோயிலில் பாறையிடுக்கில் நிலவாயு நீலச் சுடராக எரிகிறது. அதன் அருகிலேயே நீரூற்றின் சலசலப்பு கேட்கும்.

ஆறாம் நாள்: லூப்ரா இறக்கம்

பயணத்தின் நடுநாயகம் இது. ஆறு மணிக்கு ராணிபௌவாவை விடுங்கள். தெற்கே சுமார் 4,000 மீட்டர் மேட்டுக்கு ஏற்றம். பெரும்பாலும் தள்ளித்தான் போக வேண்டும். மேலே கொடிகள் படபடக்கும் கற்குவியல் அருகே நின்றால், ஒருபுறம் தவளகிரி, 8,167 மீட்டர். மறுபுறம் நீலகிரி. நம் ஊட்டி இருக்கும் நீலகிரியின் பெயரேதான். உயரம் மட்டும் 7,061 மீட்டர். வடக்கே மேல் முஸ்தாங்கின் மடிப்புகள் மடிப்புகளாகப் போய்த் திபெத்தில் கரையும்.

இருக்கையை முழுவதும் இறக்குங்கள். ஹெல்மெட் வாரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிறகு இறக்கம்.

தொடக்கத்தில் பாதை அகலமாக, புல்மேட்டில் வழுக்கிப் போவதுபோல் இருக்கும். அதைக் கண்டு ஏமாற வேண்டாம். சற்றுக் கீழே அது மலைவிளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குச் சுருங்கும். கீழே பொடிக்கல், பக்கத்தில் பள்ளம். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, போகவேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிள் பள்ளத்துக்குத்தான் போகும். கொண்டை வளைவுகளில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். ஒரேயடியாக பிரேக்கை இழுத்துக்கொண்டே இறங்கினால் சக்கரத்தின் பிரேக் தகடு (டிஸ்க்) காய்ந்து பிடிமானம் போகும். அழுத்தி விடுவது, அழுத்தி விடுவது என்று போக வேண்டும். பயமாக இருந்தால் இறங்கி நடங்கள். நான் இரண்டு இடங்களில் நடந்தேன். வழிகாட்டி இளைஞன் ஓர் இடத்தில் நடந்தான். அதைப் பார்த்தபின் எனக்குத் தெளிவு வந்தது.

இந்த வகை இறக்கத்தில் புதியவர்கள் இதை விட்டுவிட்டு, முக்திநாத் பள்ளத்தாக்கின் வடகரையில் ஜோங் கிராமம் வழியாகக் காக்பேனிக்கு இறங்கலாம். கூட்டம் குறைவு, பாதை சாது, காட்சியில் பெரிய நட்டமில்லை.

லூப்ரா கிராமம் கீழே பச்சையாகத் தெரியும்போது வேகத்தைக் குறையுங்கள். இது பௌத்தத்துக்கு முந்தைய வேர்களைக் கொண்ட 'பொன்' (Bon) என்ற திபெத்தியச் சமயத்தவர் ஊர். மற்ற ஊர்களில், மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிச்சுவரும் ஸ்தூபியும் நம் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடக்க வேண்டும். நாம் கோயிலை வலம்வருவதுபோலத்தான். லூப்ராவில் அது தலைகீழ். இவர்கள் இடம்வருகிறவர்கள்.

தெருக்குழாய் அருகே சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் பிடித்தபோது ஒரு பாட்டி வந்தார். டயரை அமுக்கிப் பார்த்தார். கியர்ச் சக்கரத்தை எண்ணுவதுபோல் விரலால் தொட்டார். அடுத்து அந்த விரல் டிஸ்க்கை நோக்கிப் போனது. 1,000 மீட்டர் இறங்கிவந்த டிஸ்க், தோசைக்கல்லுக்குச் சமம். "தாத்தோ! தாத்தோ!" என்று கத்தினேன். கடைசியில் போகவிருந்த தாத்தோபானி வெந்நீர் ஊற்றின் பெயரைக் கேட்டிருந்ததால் அந்தச் சொல் மட்டும் தெரியும். பாட்டி கையை இழுத்துக்கொண்டார். பிறகு குழாய்த் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து டிஸ்க்மேல் தெளித்தார். சுர்ர்ரென்றது. அவ்வளவுதான், அக்கம்பக்கத்துக் குழந்தைகளெல்லாம் கூடி, மூன்று சைக்கிளின் ஆறு டிஸ்க்குக்கும் அபிஷேகம் நடந்தது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாளும் என் பின்சக்கரம் முனகியது.

லூப்ராவுக்குக் கீழே பாண்டா ஓடையின் கற்படுகை, பிறகு காளி கண்டகி. அங்கிருந்து ஜோம்சோம் தெற்கே இருக்கிறது. அதாவது எதிர்க்காற்று. ஆறு மணிக்குக் கிளம்பச் சொன்னதன் காரணம் இங்கேதான் விளங்கும். பதினொன்றுக்குள் ஆற்றை எட்டிவிட்டால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு, முன்னே போகிறவர் முறைவைத்து மாறி மிதியுங்கள். ஜோம்சோமில் தூங்கி மறுநாள் காலை மார்ஃபா போவது அறிவுடைமை.

மக்களோடு பழகும் முறை

நேபாளத்தில் யாரையும் உறவு வைத்துத்தான் கூப்பிடுவார்கள். நமக்கு இது இயல்பாக வரும். அண்ணன் 'தாய்', அக்கா 'தீதீ', தம்பி 'பாய்', தங்கை 'பஹினி', வயதான பெண்மணி 'ஆமா'. கடைக்கார அக்காவைத் 'தீதீ' என்று அழைத்துப் பாருங்கள்; சோற்றில் ஒரு கரண்டி கூடும். வடக்கே போகப்போக நமஸ்தேயோடு 'தாஷி தெலே'யும் பழகிக்கொள்ளுங்கள். வழிகேட்க மூன்று சொல் போதும்: 'பாட்டோ' பாதை, 'உக்காலோ' ஏற்றம், 'ஓராலோ' இறக்கம். "கொஞ்சம் உக்காலோ" என்று சொன்னால் குறைந்தது ஒரு மணி நேர ஏற்றம் என்று மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

கோவேறு கழுதை வரிசை எதிர்ப்பட்டால் தூரத்திலேயே இறங்கி, மலையை ஒட்டிய பக்கத்தில் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் சுமை இடித்துத் தள்ளிவிடும். மணி அடிக்காதீர்கள், மிரளும். கடைசிக் கழுதைக்காரர் கடந்தபின் ஒரு வணக்கம்.

ஏழு, எட்டு: மார்ஃபா, துகுச்சே, காலோபானி

மார்ஃபாவில் ஒரு முழுநாள் சும்மா இருங்கள். வெள்ளையடித்த கல்வீடுகள், கூரை விளிம்பில் அடுக்கிய விறகு, தெருவின் பலகைக் கற்களுக்கு அடியில் ஓடும் வாய்க்கால். 1966-இல் இங்கே தொடங்கிய தோட்டக்கலைப் பண்ணையிலிருந்துதான் முஸ்தாங் முழுவதும் ஆப்பிள் பரவியது. திபெத்துக்குள் நுழைய வழிபார்த்து ஜப்பானியத் துறவி எகாய் கவாகுச்சி தங்கியிருந்த வீடு இப்போது சிறு அருங்காட்சியகம். அவர் 1900-இல் எல்லை கடந்தார்.

தக்காளி இனத்தவர் சமையலைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. (நம் தக்காளிக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, காளி கண்டகியின் இந்தப் பகுதியான தக் கோலாவின் மக்கள்.) பித்தளைத் தட்டில் சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, ஊறுகாய். பருப்பில் 'ஜிம்பு' என்ற மலைப்பூண்டு இலையை நெய்யில் தாளித்துக் கொட்டுவார்கள். அடுக்களையிலிருந்து நம் வெங்காய வடகம் தாளித்த வாசனை வரும். சோற்றுக்குப் பதில் 'திண்டோ' கேட்டால் பாப்பரை (பக்வீட்) மாவில் கிண்டிய களி வரும், கேழ்வரகுக் களியின் ஒன்றுவிட்ட தங்கை. இரண்டாம் முறை பரிமாறுவதற்குக் காசு கிடையாது.

மார்ஃபாவிலிருந்து விடியலில் கிளம்பினால், தொங்குபாலம் வழியாகக் கிழக்குக் கரைக்குப் போய்ச் சைரோ, சிமாங் பக்கம் பழைய பாதையைப் பிடிக்கலாம். சாலையின் லாரிப் புழுதி இல்லை. ஆப்பிள் தோட்டம், பைன் காடு, வேர்கள் குறுக்கிடும் மெத்தென்ற தடம். சாலை வழியே போகிறவர்கள் துகுச்சேயில் நில்லுங்கள். உப்பு வணிகம் கொழித்த காலத்தின் பெரிய மரச்சாளர வீடுகள் பாதி பூட்டிக் கிடக்கின்றன. லார்ஜுங் அருகே தவளகிரியின் பனியருவி தலைக்குமேல் தொங்கும். அதற்கும் அன்னபூர்ணாவுக்கும் இடையே சுமார் 35 கிலோமீட்டர்தான்; நடுவில் ஆறு இரண்டரை ஆயிரம் மீட்டரில் ஓடுகிறது. மலைகள் எழுவதற்கு முன்பே ஆறு இருந்தது. மலை உயர உயர அது அறுத்துக்கொண்டே இருந்தது. இரவு காலோபானி.

ஒன்பது, பத்து: தாத்தோபானி, பேனி, பொக்காரா

காலோபானியிலிருந்து தாத்தோபானிக்கு ஒரே நாளில் 1,300 மீட்டருக்குமேல் இறக்கம். காசா தாண்டியதும் பைன் போய் மூங்கிலும் வாழையும் வரும். சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவீர்கள். ரூப்சே அருவிக்கு முன்னும் பின்னும் சாலை குறுகல். லாரிக்காரர்கள் வளைவில் ஹாரன் அடிப்பார்கள், கேட்டதும் ஒதுங்குங்கள். வேகம் தானாக வரும் நாள் இது, களைப்பும் சேர்ந்த நாள். விழுகிறவர்கள் பெரும்பாலும் லூப்ராவில் விழுவதில்லை, இங்கேதான் விழுகிறார்கள்.

தாத்தோபானியில் ஆற்றோரத்தில் வெந்நீர்த் தொட்டி. முதலில் குழாயடியில் புழுதியைக் கழுவிவிட்டு இறங்குங்கள்; உள்ளே சோப்பு கூடாது. மறுநாள் பேனி வரை மிதித்து, அங்கிருந்து ஜீப்பில் பொக்காரா.

சைக்கிளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஏரிக்கரையில் ஏதாவது கழுவுமிடத்தில் நீங்களே கழுவிவிடுங்கள். கடைக்காரர் சேதத்தைப் பார்க்கும் பார்வை மாறும். எங்கள் கடைக்காரர் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு முனகலைக் கேட்டார். "லூப்ராவா?" என்றார். ஆமென்றேன். "குழாயடிப் பாட்டியா?" என்றார். டிஸ்க்குக்குக் காசு பிடிக்கவில்லை.